எண்ணெய் ஷாக்குகளை நிரப்புவதும் பராமரிப்பதும்: நம் ஊர் வெயிலுக்கும் செம்மண்ணுக்கும் ஏற்ற முறை

கோலாலம்பூருக்கு அருகே, ரவாங் பக்கத்துச் செம்பனைத் தோட்டப் பாதை ஒன்றில் ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் ரிமோட் டிரக்குகளை ஓட்டுவது வழக்கம். சில மாதங்களுக்கு முன் என் அக்காள் மகனுடைய 1:10 அளவு டிரக், சிறிய மேட்டிலிருந்து இறங்கிய ஒவ்வொரு முறையும் மூன்று நான்கு தடவை துள்ளி, பிறகு பக்கவாட்டில் சாய்ந்து விழுந்துகொண்டிருந்தது. “மாமா, ஸ்பிரிங் போய்விட்டதா? வேறு வாங்க வேண்டுமா?” என்று அவன் கேட்டான். செந்தூலில் உள்ள வீட்டுக்கு வந்து நான்கு ஷாக்குகளையும், அதாவது சக்கரங்களின் அதிர்வைத் தணிக்கும் எண்ணெய்க் குழாய்களையும், திறந்து பார்த்தபோது ஸ்பிரிங்குகள் நல்ல நிலையிலேயே இருந்தன. பின்பக்க ஷாக்குகளில் எண்ணெய் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. மிஞ்சியிருந்ததும் கறுத்து, நுரைத்துக் கிடந்தது. ஒரு போத்தல் எண்ணெயும் ஒரு மாலைப்பொழுதும் செலவானதும் டிரக் ஒரே அமுங்கலில் தரையைப் பிடித்து நின்றது. ஸ்பிரிங்கின் மீது சுமத்தப்படும் குறைகளில் பெரும்பாலானவை எண்ணெயின் குறைகளே என்பதுதான் இத்தனை ஆண்டுகளில் நான் கண்டது.

ஷாக்கின் உள்ளே நடப்பதைப் புரிந்துகொண்டால் மற்ற வேலைகள் தாமாகவே விளங்கும். மேடு பள்ளத்தில் சக்கரம் மேலெழும்போது ஸ்பிரிங் அந்த விசையை வாங்கிச் சேமித்து வைத்துக்கொண்டு, அடுத்த கணமே திருப்பித் தருகிறது. எண்ணெய் இல்லாவிட்டால் இந்த வாங்கலும் கொடுத்தலும் வெகுநேரம் தொடரும். குழாய்க்குள் எண்ணெயில் மூழ்கியிருக்கும் பிஸ்டனில் இரண்டு முதல் ஆறு வரையிலான சிறு துளைகள் உண்டு. பிஸ்டனைத் தாங்கும் மெல்லிய தண்டாகிய ஷாஃப்ட் உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் எண்ணெய் அந்தத் துளைகளின் வழியாக நெருக்கிக்கொண்டு பாய வேண்டியிருப்பதால், துள்ளலின் ஆற்றல் வெப்பமாக மாறித் தணிகிறது. எண்ணெய் அழுத்தத்தால் சுருங்குவதில்லை; காற்று சுருங்கும். ஆகவே துளையின் வழியே எண்ணெய்க்குப் பதிலாக நுரை பாயும்போது தடை ஏறத்தாழ இல்லாமலே போய்விடுகிறது. அடைக்க நினைக்காத காற்று உள்ளே தங்கக் கூடாது, ஒரே அச்சில் இருக்கும் இரண்டு ஷாக்குகளும் ஒன்றுபோல் இருக்க வேண்டும் என்னும் இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.

எந்த எண்ணெய்

ரிமோட் டிரக்கின் ஷாக்கில் தூய சிலிக்கான் எண்ணெயையே ஊற்ற வேண்டும். காப்சாய் மோட்டார் சைக்கிளின் முன்ஃபோர்க்கிற்கு ஊற்றும் எண்ணெய் மலிவாகக் கிடைக்கிறது, அதையே ஊற்றலாம் என்று பட்டறைகளில் சொல்வார்கள். அது பெட்ரோலிய வகை எண்ணெய். நம் ஷாக்கில் உள்ள ரப்பர் வளையங்களை ஊதவும் இளகவும் செய்யக்கூடியது, வெப்பத்தில் சிலிக்கானைவிட வேகமாக நீர்த்தும் போகும். அதேபோல, டிஃபரென்ஷியலுக்கான (இடது, வலது சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் பற்சக்கரத் தொகுதிக்கான) சிலிக்கான் எண்ணெயும் ஒரே மாதிரியான போத்தலில் வருகிறது. அதன் எண் 5000, 10,000 என்று ஆயிரக்கணக்கில் இருக்கும். ஷாக்கில் அதை ஊற்றினால் பிஸ்டன் நகரவே நகராது. போத்தலைத் திறக்கும் முன் எண்ணைப் படித்துவிடுங்கள்.

எண்ணெயின் பிசுக்கு இரண்டு வகையாகக் குறிக்கப்படுகிறது. 30, 35, 40 என்பன ‘வெயிட்’ கணக்கு. 350, 425, 500 என்பன சென்டிஸ்டோக் கணக்கு. டீம் அசோசியேட்டட் நிறுவனத்தின் எண்ணெயில் 30 வெயிட் என்பது 350 சென்டிஸ்டோக்கும், 35 வெயிட் என்பது 425-உம், 40 வெயிட் என்பது 500-உம் ஆகும். வெயிட் கணக்கு எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவானதன்று. ஒருவரின் 30 இன்னொருவரின் 30-க்குச் சமமாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. ஆகையால் ஒப்பிடும்போது சென்டிஸ்டோக் எண்ணையே பாருங்கள்; முடிந்தவரை ஒரே நிறுவனத்தின் எண்ணெயையே தொடர்ந்து வாங்குங்கள். ஒரே நிறுவனத்தின் 30-ஐயும் 40-ஐயும் சமஅளவு கலந்தால் ஏறத்தாழ 35 கிடைக்கும்; எனவே எல்லா எண்களையும் வாங்கி அடுக்க வேண்டிய தேவையில்லை.

நம் ஊர்க்காரர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. போத்தலின் மேல் அச்சிட்டிருக்கும் சென்டிஸ்டோக் எண் 25 டிகிரி செல்சியஸில் அளந்தது. கோலாலம்பூரின் நண்பகல் நிழலிலேயே 33 டிகிரி இருக்கும். வெயிலில் காய்ந்த மண்ணின் மேல் அரைமணி நேரம் ஓடிய ஷாக்கின் உள்ளே அதைவிடக் கூடுதலாகவே இருக்கும். சிலிக்கான் எண்ணெய் வெப்பத்தைத் தாங்குவதில் மற்றவற்றைவிட மேலானது என்றாலும், நீர்த்துப்போகாமல் இருப்பதில்லை. 350 என்று குறித்த எண்ணெய் 33 டிகிரியில் ஏறத்தாழ 300 போலவும், 40 டிகிரியில் 265 போலவும் நடந்துகொள்ளும். அதே டிரக்கைக் கேமரன் மலைக்கு எடுத்துச் சென்று 18 டிகிரிக் குளிரில் ஓட்டினால் அது 400-ஐத் தாண்டிய எண்ணெய் போல இறுகி நிற்கும். குளிர்நாட்டு ஓட்டுநர்கள் தங்கள் தட்பவெப்பத்துக்குப் பொருத்தமென்று சொல்லும் எண்ணை அப்படியே இங்கே பின்பற்றினால் டிரக் தளர்ந்துதான் நிற்கும். என் அனுபவத்தில் அத்தகைய எண்ணுக்கு ஒரு படி மேலே, அதாவது 350 என்று சொல்லியிருந்தால் 425 ஊற்றித் தொடங்குவது நம் வெயிலுக்கு நன்றாகப் பொருந்துகிறது. 425 எண்ணெய் 40 டிகிரியில் 320-க்கு அருகே வந்து நிற்பதே அதற்குக் காரணம்.

துளையின் அளவும் எண்ணெயைப் போலவே முக்கியமானது. சிறு துளையும் நீர்த்த எண்ணெயும் சேர்ந்த ஷாக்கும், பெரிய துளையும் தடித்த எண்ணெயும் சேர்ந்த ஷாக்கும் கையால் மெதுவாக அமுக்கும்போது ஒன்றுபோலவே தோன்றலாம். ஆனால் உயரத்திலிருந்து விழும் வேகத்தில் சிறு துளையின் வழியே எண்ணெய் போதிய அளவு பாய முடியாமல் ஷாக் ஒரு கணம் பூட்டிக்கொண்டதுபோல் நிற்கும். பெரிய தாவல்கள் உள்ள ஓடுதளத்தில் இது நன்மை. டிரக்கின் அடித்தட்டு தரையில் மோதாது. தோட்டப் பாதையைப் போல வேர்களும் லோரித் தடங்களும் நிறைந்த இடத்தில் இது தீமை. சக்கரங்கள் பள்ளத்தில் இறங்காமல் மேலே மேலே தத்திச் செல்லும். நாங்கள் ஓட்டுவது இரண்டாவது வகை இடம் என்பதால் நான் பெரிய துளைப் பிஸ்டனையே விரும்புகிறேன்.

கழற்றும்போது

ஷாக்கை டிரக்கிலிருந்து எடுப்பதற்கு முன், வெளியே ஒட்டியிருக்கும் செம்மண்ணைப் பழைய பல்துலக்கும் தூரிகையாலும் பாத்திரம் கழுவும் சோப்பு நீராலும் துடைத்துவிடுங்கள். காய்ந்த செம்மண் மணல்தாள் போன்றது. திறக்கும்போது ஒரு துகள் உள்ளே விழுந்தால் அது அடி வளையத்தையும் ஷாஃப்டையும் சேர்த்தே அரிக்கும். பிரேக் கிளீனர் போன்ற கடும் திரவங்களை நான் பயன்படுத்துவதில்லை; பிளாஸ்டிக்கையும் ரப்பரையும் அவை கெடுக்கக்கூடும்.

ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடித்துக்கொண்டு கீழ்த்தாங்கியைப் பக்கவாட்டில் உருவினால் ஸ்பிரிங் கழன்றுவிடும். பிறகு மேல்மூடியைத் திருகித் திறந்து, பழைய எண்ணெயை ஒரு சிறு கிண்ணத்தில் கவிழ்த்து, பிஸ்டனை மெதுவாக மேலும் கீழும் இழுத்து, மிச்சத்தையும் வடியவிடுங்கள். எண்ணெயை மாற்றுவது மட்டுமே நோக்கமென்றால் பிஸ்டனைக் கழற்ற வேண்டியதில்லை. அடியில் கசிவு இருந்தாலோ, ஷாஃப்ட் ஆடினாலோ மட்டும் முழுவதுமாகப் பிரியுங்கள்.

முழுவதுமாகப் பிரிக்கும்போது ஷாஃப்டின் அடிமுனையில் உள்ள பிளாஸ்டிக் பந்துமுனையைத் திருகி எடுக்க வேண்டும். அதற்கு ஷாஃப்டை இறுகப் பிடிக்க வேண்டியிருக்கும். தொடக்க காலத்தில் நான் குறடால் நேரடியாகப் பிடித்தேன். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாததுமான இரண்டு கீறல்கள்தாம் விழுந்தன. ஆனால் புதிய ரப்பர் வளையம் மாட்டிய பிறகும் அந்த ஷாக் ஒரே நாளில் கசியத் தொடங்கியது, காரணம் புரிய எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. ஷாஃப்ட் மேலும் கீழும் போகும் ஒவ்வொரு முறையும் கீறலின் விளிம்பு வளையத்தைச் சீவிக்கொண்டே இருந்திருக்கிறது. தடித்த ரப்பர் துண்டையோ பலமடிப்புத் துணியையோ சுற்றிப் பிடியுங்கள். அதுவும் பிஸ்டனுக்கு வெகு அருகில், வளையத்தின் வழியே போகாத இடத்தில் பிடியுங்கள். ஷாஃப்டின் மேல் நகத்தை ஓட்டிப் பார்த்து, எங்காவது தட்டினால் ஷாஃப்டையே மாற்றிவிடுவதுதான் சிக்கனம்.

ஓ-ரிங் எனப்படும் புதிய ரப்பர் வளையங்களை அவற்றின் இருக்கையில் வைக்கும் முன் ஷாக் எண்ணெயிலோ, ஓ-ரிங்குகளுக்கென்றே விற்கும் பசையிலோ நனையுங்கள். ஷாஃப்டின் திருகுமுனை வளையத்தின் வழியே நுழையும்போதுதான் பல வளையங்கள் வெட்டுப்படுகின்றன. திருகுப் பகுதியில் எண்ணெய் தடவி, நேராகத் தள்ளாமல் மெல்லச் சுழற்றிக்கொண்டே நுழையுங்கள். அடிமூடியைக் கைவிரலால் இறுக்கினால் போதும். மிகையாக இறுக்கினால் வளையம் நசுங்கி ஷாஃப்டைக் கவ்விக்கொள்ளும். எண்ணெயில்லாத ஷாக்கைச் செங்குத்தாகப் பிடித்தால் ஷாஃப்ட் தன் எடையிலோ மிகச் சிறு தொடுதலிலோ இறங்க வேண்டும்.

நிரப்புதல்

மேசை மேல் ஒரு தட்டை வைத்து, அதற்குள் வேலை செய்யுங்கள். சிலிக்கான் எண்ணெய் தரை ஓட்டில் சிந்தினால் துடைத்த பிறகும் வெகுநாள் வழுக்கும். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இது விளையாட்டான செய்தியன்று. பெயின்ட் அடிக்கக் காத்திருக்கும் டிரக் கூட்டையும் அந்த மேசையிலிருந்து அகற்றிவிடுங்கள். சிலிக்கான் பட்ட இடத்தில் பெயின்ட் ஒட்டாது.

ஷாஃப்டை முழுவதும் கீழே இழுத்து, குழாயைச் செங்குத்தாக நிறுத்துங்கள். ஷாக் நிறுத்தும் தாங்கி இல்லாவிட்டால், தடித்த அட்டைப் பெட்டியில் நான்கு துளை போட்டு நிறுத்தலாம். எண்ணெயைக் குழாயின் உட்சுவரை ஒட்டி, நூல்போல ஊற்றுங்கள்; உயரத்திலிருந்து ஊற்றினால் அதுவே குமிழிகளைக் கொண்டுவந்துவிடும். விளிம்புக்கு ஓரிரு மில்லிமீட்டர் கீழே நிறுத்திக்கொண்டு, பிஸ்டனை மிக மெதுவாக மேலேற்றி இறக்குங்கள். பிஸ்டன் ஒருபோதும் எண்ணெயின் மேல்மட்டத்தைத் தாண்டி வெளியே வரக் கூடாது; வந்தால் அதன் அடியில் காற்று புகுந்துவிடும், மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். முதல் நான்கைந்து அசைவுகளில் பிஸ்டனுக்குக் கீழே சிக்கியிருந்த பெரிய குமிழிகள் மேலே வரும். அதற்குப் பிறகு வருபவை பொடிக்குமிழிகள். அவற்றை அசைத்து விரட்ட முடியாது, அவையாகத்தான் மேலேற வேண்டும். ஷாஃப்டைக் கீழேயே விட்டு, தூசி விழாமல் மேலே ஒரு தாளை மூடி, பத்து நிமிடம் காத்திருங்கள். 500-க்கு மேற்பட்ட எண்ணெயென்றால் கால்மணி நேரம் ஆகும். குளிர்சாதன அறையில் எண்ணெய் தடித்திருக்கும், குமிழி ஏறத் தாமதமாகும். ஆகவே இந்த வேலைக்கு விசிறி ஓடும் சாதாரண அறையே மேல்.

காற்றை உறிஞ்சும் சிறு கைப்பம்புகள் கடைகளில் கிடைக்கின்றன. அவை காத்திருக்கும் நேரத்தைக் குறைக்கும், அவ்வளவே. பொறுமையாக நிறுத்தி வைத்த ஷாக்கும் அதே நிலைக்கு வந்துசேரும். புதிதாகத் தொடங்குகிறவர் அந்த ரிங்கிட்டை ஓ-ரிங்குகளுக்குச் செலவிடுவது நல்லது.

இனி மூடும் பகுதி. இங்கே உங்கள் ஷாக் எந்த வகை என்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஷாஃப்ட் உள்ளே நுழையும்போது அது தன் பருமனுக்கு ஈடான இடத்தை எண்ணெயிடம் கேட்கிறது; 3.5 மில்லிமீட்டர் தடிப்புள்ள ஷாஃப்ட் 30 மில்லிமீட்டர் உள்ளே போனால் ஏறத்தாழ 0.29 மில்லிலிட்டர் எண்ணெய் நகர்ந்தாக வேண்டும். எண்ணெய் சுருங்காது என்பதால் அந்த இடத்தை வேறொன்று கொடுக்க வேண்டும். பிளாடர் வகையில் மூடிக்கடியில் உள்ள மெல்லிய ரப்பர் கிண்ணம் உள்வாங்கி இடம் கொடுக்கிறது. எமல்ஷன் வகையில் ரப்பர் கிண்ணம் இருக்காது; வேண்டுமென்றே விட்டுவைத்த சிறிது காற்றே எண்ணெயோடு கலந்து அந்த வேலையைச் செய்கிறது.

பிளாடர் வகையில், எண்ணெயை விளிம்புவரை நிரப்பி, மேல்மட்டம் லேசாகப் புடைத்து நிற்கும்போது பிளாடரை ஒரு பக்க விளிம்பில் வைத்து மறுபக்கத்தைச் சாய்த்து மெல்ல இறக்குங்கள். மிகை எண்ணெய் பக்கவாட்டில் வழியும். வழியட்டும், அதோடு கடைசிக் குமிழியும் போய்விடும். ஷாஃப்ட் முழுவதும் வெளியே இருக்கும்போது மூடினால், உள்ளே தள்ளிவிட்ட ஷாஃப்ட் தானாக வெளியே எழுந்துவரும்; பாதி உள்ளே இருக்கும்போது மூடினால் பாதியளவே எழும்; முழுவதும் உள்ளே தள்ளி, எண்ணெய் வழிந்த பிறகு மூடினால் ஏறத்தாழ எழாது. மேடுபள்ளமான பாதைக்கு நான் பாதி உள்ளே தள்ளிய நிலையையே கையாளுகிறேன். எதைத் தேர்ந்தாலும் நான்கு ஷாக்குகளுக்கும் அதே அளவைப் பின்பற்றுங்கள். மூடியைத் திருகத் தொடங்கும்போது முதலில் எதிர்த்திசையில் அரைச்சுற்றுச் சுற்றி, திருகுகள் ஒன்றோடொன்று பொருந்தும் சிறு ‘டிக்’ உணர்வு வந்த பிறகே சரியான திசையில் திருப்புங்கள். அலுமினியக் குழாயில் பிளாஸ்டிக் மூடியைக் கோணலாக ஏற்றினால் மூடியின் திருகு ஒரே முறையில் அழிந்துவிடும்.

எமல்ஷன் வகையில், குழாயை நிரப்பி, குமிழி போன பிறகு, மூடியில் உள்ள சிறு திருகாணியைக் கழற்றிவிட்டு மூடியை இறுக்குங்கள். ஷாக்கைச் சற்றே சாய்த்து, திருகாணித் துளை மேலிருக்கும்படி பிடித்துக்கொண்டு, ஷாஃப்டை மெதுவாக முழுவதும் உள்ளே தள்ளினால் மிகை எண்ணெய் துளைவழியே வெளியேறும். ஷாஃப்ட் உள்ளேயே இருக்கும்போது திருகாணியை மூடிவிடுங்கள். பிறகு பதினைந்து இருபது தடவை வேகமாக இழுத்துத் தள்ளினால்தான் காற்றும் எண்ணெயும் கலந்து சீரான உணர்வு வரும். ஓட்டத் தொடங்கும் முன் ஒவ்வொரு முறையும் இதைச் செய்ய வேண்டும்.

இரண்டும் ஒன்றா என்று பார்த்தல்

நிரப்பிய ஷாக்கைக் காதருகே வைத்து மெதுவாக அமுக்குங்கள். பிளாடர் வகையில் ‘சளக் சளக்’ என்று கேட்டால் காற்று இருக்கிறது. திறந்து மறுபடி நிரப்புங்கள். அசைவின் எந்த இடத்திலும் கை திடீரென்று இலகுவாகக் கூடாது.

அடுத்து, ஸ்பிரிங் மாட்டாமலே இடது, வலது ஷாக்குகளின் பந்துமுனைகளை ஒன்றோடொன்று பொருத்தி, இரு கைகளாலும் மேல்மூடிகளைப் பிடித்து, நேர்க்கோட்டில் எதிரெதிராக அழுத்துங்கள். இரண்டு ஷாஃப்டுகளும் ஒரே வேகத்தில் உள்ளே போக வேண்டும். ஒன்று முந்தினால் அதில் எண்ணெய் குறைவு, அல்லது காற்று உண்டு, அல்லது மற்றதன் வளையம் கவ்வுகிறது. இந்தச் சோதனைக்குக் கருவி எதுவும் தேவையில்லை. ஆனால் இதைப்போல் உண்மை சொல்லும் சோதனை வேறொன்றையும் நான் அறியேன். பிறகு மேல்முனையில் மாட்டும் துளையிலிருந்து கீழ்முனையில் மாட்டும் துளைவரையிலான நீளத்தைக் காலிப்பரால் அளந்து, அரை மில்லிமீட்டருக்கு மேல் வேறுபட்டால் பந்துமுனையைத் திருகிச் சமப்படுத்துங்கள்.

டிரக்கில் மாட்டியதும், பேட்டரியும் உள்ளே இருக்கும் நிலையில், 20 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து தட்டையாக விடுங்கள். ஒரு முறை அமுங்கி, திரும்ப எழுந்து, அங்கேயே நிற்க வேண்டும். அதற்குமேல் ஆடினால் எண்ணெய் நீர்த்தது. எழவே சோம்பினால் தடித்தது. ஸ்பிரிங்கின் மேல்வளையத்தைத் திருகுவதால் டிரக்கின் உயரம் மாறுமே தவிர, ஸ்பிரிங்கின் கடினம் மாறாது. எண்ணெய்க் குறையை அந்த வளையத்தால் தீர்க்க முனைய வேண்டாம்.

மழைக்குப் பின்

கோலாலம்பூரின் மாலை மழை எப்போது இறங்கும் என்று சொல்ல முடியாது. நனைந்த செம்மண்ணில் ஓட்டிய டிரக்கை அப்படியே பெட்டியில் போட்டு மூடினால் மறுவாரம் ஷாஃப்டில் மண் ஓடுபோல் காய்ந்திருக்கும். அந்த நிலையில் ஷாஃப்டை ஒரே ஒரு முறை அமுக்கினாலும் அந்த மண் வளையத்துக்குள் போய்விடும். ஆகவே வீடு திரும்பியதும், அமுக்குவதற்கு முன்னதாக, வெளியே தெரியும் ஷாஃப்டை ஈரத்துணியால் மேலிருந்து கீழாக, பந்துமுனையை நோக்கித் துடையுங்கள். பிறகு ஒரு சொட்டுச் சிலிக்கான் எண்ணெய் தடவி, மிஞ்சியதைத் துடைத்து எடுத்துவிடுங்கள். எண்ணெய்ப் பசையோடு விட்டால் தூசி ஒட்டும். ஷாஃப்டுக்கு ரப்பர் உறை கிடைக்குமானால் மாட்டிக்கொள்ளுங்கள். ஆனால் உறைக்குள் நீர் தேங்கும் என்பதால் மழைநாளுக்குப் பின் அதைக் கழற்றிக் காயவைக்க வேண்டும். பினாங்கில் கடற்கரை மணலில் ஓட்டுகிற நண்பர்கள் நல்ல நீரில் உடனே அலச வேண்டும். உப்பு இ-கிளிப்புகள் என்னும் சிறு பிடிவளையங்களையும் திருகாணிகளையும் துருப்பிடிக்க வைக்கும்.

வெயிலில் நிறுத்திய காரின் பின்பெட்டிக்குள் டிரக்கை மணிக்கணக்கில் வைக்காதீர்கள். வீட்டில் அதை ஒரு கட்டையின் மேல், சக்கரங்கள் தொங்கும்படி வைப்பது நல்லது. பிளாடரும் ஸ்பிரிங்கும் நாள்முழுதும் அமுங்கிக் கிடக்க வேண்டியதில்லை.

எண்ணெயை மாற்றும் காலத்தை நிறத்தைக் கொண்டே நான் முடிவு செய்கிறேன். தெளிவாக இருந்தது சாம்பல் நிறத்துக்கு வந்தால், பிஸ்டனும் குழாயும் தேய்ந்த பொடி அதில் மிதக்கிறது என்று பொருள். எங்கள் தோட்டப் பாதையில் இது ஐந்தாறு ஞாயிறுகளில் வந்துவிடுகிறது. வழவழப்பான ஓடுதளத்தில் ஓட்டுகிறவர்களுக்கு இன்னும் தாமதமாகலாம். ஒரு ஷாக் கசிந்தாலும் அதே அச்சின் மற்றதையும் சேர்த்தே மாற்றுங்கள். பழைய எண்ணெயும் புதிய எண்ணெயும் இடமும் வலமுமாக இருந்தால் தாவலில் டிரக் ஒரு பக்கம் சாயும். 60 மில்லிலிட்டர் போத்தல் ஒன்றில் நான்கு ஷாக்குகளையும் இரண்டு மூன்று முறை நிரப்பலாம் என்பதால் இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம். வடித்த எண்ணெயைக் கழுவுதொட்டியில் ஊற்றாமல் ஒரு பழைய போத்தலில் சேர்த்து வையுங்கள்.

கடைசியாக, டிரக்கின் அடித்தட்டில் ஒரு வெள்ளை நாடாவை ஒட்டி, முன்பக்க எண்ணெய், பின்பக்க எண்ணெய், பிஸ்டன் துளை, மாற்றிய தேதி ஆகிய நான்கையும் எழுதுங்கள். என் அக்காள் மகனின் டிரக்கில் இப்போது மூன்று வரிகள் ஏறியிருக்கின்றன. பின்பக்கத்தில் 350 ஊற்றியதை அடித்துவிட்டு 425 என்று அவனே எழுதியிருக்கிறான்.